எக்ஸிபிஷனுக்குப் போனால் ஊரையும் பார்க்கட்டும்

திருவொற்றியூர், வியாசர்பாடி பக்கம் லேத் (கடைசல் மெஷின்) பட்டறை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு, நானும் அதில் ஒருத்தன் என்ற உரிமையில் சொல்கிறேன். மெஷின் எக்ஸிபிஷனுக்குப் போகும்போது மெஷினில் நிற்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படியே அரை நாள் அந்த ஊரையும் சுற்றிப் பார்க்க விடுங்கள். அதற்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

போன வாரம் இதைச் சொன்னதற்கு ஒரு நண்பர் கோபப்பட்டார். "வேலை கத்துக்கப் போறதா, ஊர் சுத்தப் போறதா? ரெண்டையும் போட்டுக் கலக்காதே." அங்கேயே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

2023-ல் பெங்களூருவில் நடக்கும் இம்டெக்ஸ் என்கிற மெஷின் கண்காட்சிக்கு நான் மட்டும்தான் போனேன். காசை வீணாக்கக் கூடாது என்று ஹால் ஹாலாக ஓடி, இரண்டு பை நிறைய கேட்டலாக் வாங்கி, ராத்திரியே ரயிலேறி வந்து பரணில் போட்டேன். மெஷின் ஓட்டுகிறவன் நான் இல்லை. எதைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை.

2025 ஜனவரியில் பட்டறையை இரண்டு நாள் பூட்டிவிட்டு நாலு பேரையும் கூட்டிப் போனேன். சென்ட்ரலில் பெங்களூர் மெயில். விஎம்சி என்கிற கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின் ஓட்டும் எர்ணாவூர் பையனுக்கு அதுதான் முதல் ராத்திரி ரயில். மேல் பெர்த்தில் ஏறிப் படுத்தவன் தூங்கவே இல்லை, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பெங்களூரில் மாதாவரா வரை மெட்ரோ திறந்திருந்தார்கள். மெஜஸ்டிக்கில் ஏறினால் கண்காட்சிக்குப் பக்கத்திலேயே இறங்கலாம்.

எங்கள் டர்னர் அண்ணனுக்கு, அதாவது லேத்தில் கடைகிறவருக்கு, 58 வயது. அப்பா காலத்து ஆள், என்னை இன்னும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஒரு ஸ்டாலில் முக்கால் மணி நேரம் நின்றார். ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய துண்டை, சுற்றி முழு வட்டமாகக் கவ்வுகிற சாஃப்ட் ஜா (கவ்வி) போட்டு ஓட்டிக் காட்டினார்கள். எங்களிடம் மெல்லிசான புஷ் (குழாய்த் துண்டு மாதிரி உருளை) ஆர்டர் ஒன்று உண்டு. மூணு ஜாவில் இறுக்கிக் கடைந்துவிட்டுக் கழற்றினால் ஓவலாகிவிடும். அண்ணன் அதைப் பற்றித்தான் கேட்டார். ஸ்டாலில் இருந்தவர் அண்ணனின் சட்டையைப் பார்த்தார், விரலிடுக்கில் ஊறிப்போன கறுப்பைப் பார்த்தார். "உங்க ஓனர் வரலையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. அந்த ஹாலில் இருந்தவர்களில் எத்தனை பேர் நாற்பது வருஷம் லேத் முன்னால் நின்றிருப்பார்கள்?

மறுநாள் மதியத்தோடு போதும், லால்பாக் பூங்காவுக்குப் போகலாம் என்றேன். அதே பச்சை லைன் மெட்ரோ, நேராகப் போகிறது. குடியரசு தின மலர்க் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது, சரியான கூட்டம். பசங்கள் பூவைப் படம் பிடிக்க ஓடினார்கள். அண்ணன் கண்ணாடி மாளிகையின் இரும்புத் தூணில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். "தோ பாரு தம்பி, பார்ட்டிங் லைனு. அச்சு ரெண்டா பிரியிற எடம். பெயின்ட்டுக்கு அடியிலகூட லேசா தட்டுது."

மரத்தடியில் உட்கார்ந்து, போனில் அந்தக் கட்டடத்தைப் பற்றி எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். 1889-ல் அடிக்கல் போட்டது. லண்டனின் கிரிஸ்டல் பேலஸைப் பார்த்துக் கட்டியது. அந்த பேலஸே 1851-ல் நடந்த ஒரு மாபெரும் பொருட்காட்சிக்காக எழுப்பியதுதான். ஐந்தரை மாதத்தில் 60 லட்சம் பேர் வந்து போனார்கள். சாதாரண ஜனங்கள் வரட்டும் என்று சில நாட்களில் டிக்கெட்டை ஒரு ஷில்லிங்காகக் குறைத்தார்கள். தாமஸ் குக் ரயிலில் ஒன்றரை லட்சம் பேரை அழைத்து வந்தார், நிறையப் பேர் மில், பட்டறைத் தொழிலாளிகள். அவர்கள் மெஷினையும் பார்த்தார்கள், லண்டனையும் பார்த்தார்கள். ஜோசப் விட்வொர்த் தன் லேத்துகளையும் பிளேனிங் மெஷின்களையும் அங்கேதான் வைத்திருந்தார் என்று படித்ததும் அண்ணன் நிமிர்ந்தார். "யாரு, நம்ம 55 டிகிரி ஆளா?" அவர் பெயரிலேயே உள்ள விட்வொர்த் த்ரெட்டுக்கு (திருகு மரைக்கு) 55 டிகிரி டூல் தீட்டித் தீட்டித் தேய்ந்த கை அவருடையது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அங்கேயே ஒரு கேட்டலாக்கின் பின்பக்கத்தில், முதல் நாள் பார்த்த ஜாவை வரைந்தார். ஊருக்கு வந்து அதேபோல் நாங்களே கடைந்து போட்டோம். புஷ் இப்போது ஓவல் ஆவதில்லை. ஆனால் இதைக் காட்டி லால்பாக்குக்குக் கணக்குச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் அந்த மதியம் அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். நாம் கஸ்டமரைப் பார்க்கப் போகிற ஊரிலெல்லாம் கோயில், கடைத்தெரு என்று சுற்றிவிட்டு பில்லைக் கம்பெனிக் கணக்கில்தானே எழுதுகிறோம்? ஆப்பரேட்டர் சுற்றினால் மட்டும் அது எப்படித் திருட்டு ஆகும்?

நண்பர் இன்னொன்றும் சொன்னார். "உன் விஎம்சி பையன் கண்காட்சியில ஆளைப் புடிச்சி ஒரகடத்துல வேலைக்குச் சேந்துட்டான் இல்ல?" ஆமாம், ஏப்ரலில் போய்விட்டான். இரண்டு மாதம் ஆள் கிடைக்காமல் நானே ராத்திரி ஷிப்ட் பார்த்தேன், கஷ்டமாகத்தான் இருந்தது. வெளியுலகம் தெரியாமல் வைத்திருந்தால்தான் ஒரு பையன் என் பட்டறையில் நிற்பான் என்றால், குறை என்னிடம்தான் இருக்கிறது.

2027 ஜனவரியில் மறுபடி இம்டெக்ஸ் மெட்டல் கட்டிங் கண்காட்சி. இந்தத் தடவை மைசூரும் போகணும் என்கிறார் அண்ணன். டிக்கெட் போடும்போது ஒரகடத்துக்கும் ஒரு போன் போட்டு, லீவு கிடைக்குமா என்று கேட்கப் போகிறேன். மேல் பெர்த் அவனுக்குத்தான்.