விலையை மாற்றக் கடைக்காரர் ஏன் எங்களைக் கேட்க வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் இணையத்தளம் செய்து கொடுக்கிற பெடியளோடு கதைத்தால் ஒரு வசனம் கட்டாயம் வரும்: "அவையளிட்ட குடுத்தா உடைச்சுப் போடுவினம்." அதனால் கடவுச்சொல்லைக் கொடுப்பதில்லை. சாப்பாட்டுக்கடைக்காரர் ஒரு பார்சலுக்கு ஐம்பது ரூபாய் கூட்டினாலும் எங்களுக்கு வட்ஸ்அப் அனுப்ப வேண்டும், நாங்கள் அதைப் பார்த்து, நேரம் கிடைக்கும்போது மாற்றி, சிலர் அதற்கு ஒரு பில்லும் போட்டு, அதற்குள் அவர் இன்னொரு தரம் விலையைக் கூட்டியிருப்பார். எனக்கு இது பிடிப்பதில்லை. நானும் இதே தொழில்தான், வெளியாள் வந்து புத்தி சொல்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முதலில் "அவையளுக்குத் தெரியாது" என்ற கதையை விடுவோம். அதே கடைக்காரர்தான் காலையில் ஒடியல் கூழைத் தன் போனில் படம் எடுத்து, "இண்டைக்கு ஸ்பெஷல்" என்று எழுதி, விலையும் போட்டு முகநூலில் ஏற்றுகிறார். மத்தியானம் தீர்ந்துவிட்டால் "முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ" என்று கொமெண்டில் பதிலும் சொல்கிறார். படம் ஏற்றவும் எழுதவும் அவருக்கு நன்றாகவே தெரியும். எங்கள் இணையத்தளத்தின் உள்பக்கத்தைத் திறந்தால்தான் அவருக்குக் கை நடுங்குகிறது, அந்தப் பக்கத்தை அப்படி வைத்திருப்பது நாங்கள்.

ஒருக்கா அவருடைய கண்ணால் பாருங்கள். தளத்தை நடத்துகிற வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில், பக்கத்தை இழுத்து இழுத்து வடிவமைக்கிற ஒரு பேஜ் பில்டரைப் போட்டு, கடவுச்சொல் கொடுக்கிற ஒரு சில இடத்திலும் எல்லாவற்றையும் மாற்றக்கூடிய அட்மின் கணக்கையே கொடுத்திருக்கிறோம். இடப்பக்கம் நீளமாக ஒரு மெனு, அதில் அப்டேட் பண்ணச் சொல்லி இலக்கங்கள், மேலே ஏதோ ஒரு ப்ளகின்காரரின் (கூடுதல் வசதிக்குப் போடுகிற சின்ன மென்பொருள்தான் ப்ளகின்) விளம்பரம். விலையை மாற்றுவதற்கு அந்தப் பெட்டியைத் தொட்டால் அதன் உயரம், அகலம், நிறம், எழுத்தின் அளவு, ஓரத்து இடைவெளி எல்லாம் திறந்துகொண்டு வருகிறது. 850 என்பதை 900 ஆக்க வந்த மனுசன் கை பட்டு முழுப் பெட்டியையும் இழுத்து வேறெங்கோ விட்டுவிடுகிறார். உடனே நாங்கள், "பாத்தீங்களா, சொன்னனான் தானே!"

வேர்ட்பிரஸில் எடிட்டர் என்று ஒரு கணக்கு வகை இருக்கிறது, அதில் ப்ளகின் போடவோ தளத்தின் தோற்றமான தீமை மாற்றவோ முடியாது. அட்மினைக் கொடுப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் எடிட்டர் கணக்காலும் ஒரு முழுப் பக்கத்தை அழிக்கலாம் என்பதால் அதோடு வேலை முடிந்துவிடாது. உண்மையில் ஒரு சின்னக் கடையின் தளத்தில் மாறுகிறவை எவை? விலை, திறக்கிற நேரம், லீவு, தொலைபேசி இலக்கம், படங்கள். அவ்வளவுதான். கடையின் பெயரும் நிறமும் மாறுவதில்லை. "எங்களைப் பற்றி" என்ற பக்கத்தை எழுதிய நாளுக்குப் பிறகு ஒருவரும் வாசித்ததாகவே தெரியவில்லை. மாறுகிறதுகளுக்கு மட்டும் அவர் எழுதுகிற மாதிரிப் பெட்டி வையுங்கள், மற்றதெல்லாம் அவர் கண்ணிலேயே படத் தேவையில்லை.

2022 பொருளாதார நெருக்கடியை யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. காஸ் இல்லை, மா இல்லை, சாப்பாட்டுக்கடை மெனுவில் விலைக்கு மேல் விலையாக ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த நேரத்தில் எத்தனையோ கடைகளின் தளங்களில் பழைய விலை அப்படியே கிடந்தது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்குச் சாப்பாடு ஓடர் பண்ணுகிறவர் அந்த விலையைப் பார்த்துவிட்டுக் கடையோடு சண்டை பிடித்தார். பிறகு 2024 ஜனவரியில் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது மறுபடியும் அதே கூத்து. தன் விலையைத் தானே மாற்ற முடியாத தளத்தை விட ஒன்றும் இல்லாமல் இருப்பது நல்லது என்று ஒரு பேக்கரி முதலாளி என்னிடம் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான்.

பெட்டி வைப்பதிலும் யோசிக்க இருக்கிறது. விலைப் பெட்டியில் இலக்கம் மட்டும் ஏறும்படி செய்யுங்கள், "ரூ." என்பதைத் தளமே போடட்டும். இல்லாவிட்டால் ஒருவர் 850/= என்று எழுதுவார், அவருடைய மகன் "ரூபா 850" என்பான், கடையில் நிற்கிற பெடியன் "850 மட்டுமே" என்று போட்டு மூன்று ஆச்சரியக்குறி வைப்பான். லீவு அறிவித்தலுக்குத் தொடங்குகிற திகதியோடு முடிகிற திகதியும் கேளுங்கள், நாள் போனதும் அது தானாக மறையட்டும். தைப்பொங்கலுக்குக் கடை பூட்டு என்ற அறிவித்தல் வைகாசியிலும் தொங்குகிற தளங்களை நான் கண்டிருக்கிறேன். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாளும் அசைவத்தை நிறுத்துகிற கடைக்கு மெனுவில் ஒவ்வொன்றாக அழித்துப் பிறகு ஒவ்வொன்றாக எழுதுகிற வேலை வேண்டாம், "திருவிழாக் கால மெனு" என்று ஒரு பொத்தான் போதும். நல்லூரடியில் அறை வாடகைக்கு விடுகிற கெஸ்ட் ஹவுஸ்காரருக்கும் அப்படித்தான், அந்த மாத வாடகை வேறு, மற்ற மாத வாடகை வேறு. இதெல்லாம் அவர்களோடு இருந்து கதைத்தால்தான் தெரியவரும், எந்தத் தீமிலும் ஆயத்தமாக இருக்காது.

படம். இப்போதைய போனில் எடுக்கிற ஒரு படம் மூன்று நாலு எம்பி வரும். அதை அப்படியே பத்து ஏற்றினால் ஊருக்குள் சிக்னல் குறைந்த இடத்தில் இருக்கிறவருக்குப் பக்கம் திறக்காது, டேட்டாவும் போய்விடும். இதைக் கடைக்காரருக்கு வகுப்பெடுத்துச் சொல்லத் தேவையில்லை, ஏற்றும்போதே தளம் சுருக்கிக்கொள்ளட்டும்.

எங்களுக்கென்று இன்னொரு தலையிடி இருக்கிறது, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அச்சகத்தில் நோட்டீஸ் அடித்தவர் கொடுத்த கோப்பிலிருந்து கடைக்காரர் எழுத்தை எடுத்துத் தளத்தில் ஒட்டுவார். அது பாமினியில் தட்டியது, இணையத்தில் பாவிக்கிற யுனிகோட் முறை இல்லை, ஆகவே தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு வரி வந்து நிற்கும். "தளம் பழுதாப் போச்சு தம்பி" என்று அழைப்பு வரும். பாமினியை யுனிகோடாக்க இலவச மாற்றிகள் எத்தனையோ உண்டு, அதையே அந்தப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டால் அவருக்கு இந்தக் கதையே தெரிய வராது. அதோடு தமிழ்ச் சொற்கள் நீளம். ஆங்கிலத்துக்கு அளந்து செய்த பொத்தானில் "தொடர்புகளுக்கு" என்று எழுதினால் கடைசி இரண்டு எழுத்து வெளியே தொங்கும். அவர் தமிழில்தான் எழுதப்போகிறார், அதற்கு இடம் விட்டு டிசைன் பண்ணுவது எங்கள் வேலை.

விலைப்பட்டியல் மட்டும்தான் என்றால் வேர்ட்பிரஸ்கூட வேண்டாம். ஒரு கூகுள் ஷீட்டில் பொருள், விலை, இருக்கா இல்லையா என்று மூன்று நிரல் போட்டு, தளம் அதை வாசிக்கும்படி செய்தால் அவர் போனிலேயே மாற்றிவிடுவார். பழைய பதிப்புகளை ஷீட்டே வைத்திருக்கும் என்பதால் பிழைபட்டால் பின்னுக்குப் போகலாம். தலைப்பு வரியைப் பூட்டிவிடுங்கள், லிங்க் கிடைத்த எவரும் எழுதலாம் என்று மட்டும் திறந்து விடாதீர்கள். மாற்றம் தளத்தில் தெரியச் சில நிமிடம் எடுக்கும் என்பதையும் முதல் நாளே சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் அதே விலையைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார்.

எல்லாரும் மாற்றத்தான் போகிறார்கள் என்றும் இல்லை. நகைக்கடை ஐயா ஒருவர் கணக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, "நீங்களே பாருங்கோ தம்பி, எனக்கு நேரமில்லை" என்றுவிட்டார். சரி, அதுவும் ஒரு முடிவுதான், அவர் எடுத்த முடிவு. அப்படியான ஆக்களுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு நாங்கள் செய்து கொடுக்கலாம். ஆனால் வீட்டில் குடியிருக்கிறவரிடம் மின்குமிழ் மாற்றவும் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்கிற மாதிரி, திறப்பை நாங்களே வைத்துக்கொண்டு காசு வாங்குவது வேறு கதை. பக்கப் (பாதுகாப்புப் பிரதி) எடுப்பது, அப்டேட் பண்ணுவது, ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கிற வாடகை இடம்) பார்ப்பது, இதற்கெல்லாம் தாராளமாகக் காசு கேளுங்கள், அது வேலை. ஒரு இலக்கத்தை மாற்றுவதற்குக் கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊரில் தளம் செய்த பெடியன் ஒருநாள் கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்விடுவான். அவனுடைய பெயரில் தளத்தின் முகவரியான டொமைன், அவனுடைய மெயிலில் ஹோஸ்டிங், அவனுடைய தலைக்குள் பாஸ்வேர்ட். கடைக்காரர் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கி, விசிட்டிங் கார்ட்டும் பெயர்ப்பலகையும் திரும்ப அடிக்க வேண்டியதுதான். டொட் எல்கே ஆனாலும் டொட் கொம் ஆனாலும் கடைக்காரரின் பெயரிலேயே, அவருடைய மெயிலிலேயே பதியுங்கள். கூகுள் மப்பில் வருகிற கடைக் கணக்கும் அப்படியே. அங்கே நேரம் பிழையாக இருந்தால் தளத்தில் சரியாக இருந்தும் பிரயோசனமில்லை, ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் மப்போடு நின்றுவிடுகிறார்கள்.

கடைசியில் காசு கட்டுகிற அண்ணரின் கதை. கடை இங்கே, தளத்துக்குக் காசு அனுப்புகிறவர் கனடாவில், ஸ்காபரோவில். அவருக்கும் ஒரு லொக்கின் வேண்டுமாம். பெயரை இன்னும் பெரிதாக்க வேண்டும், பின்னால் கோபுரம் வர வேண்டும், பக்கம் திறந்ததும் நாதஸ்வரம் கேட்க வேண்டும். நான் கொடுப்பதில்லை. இன்றைக்கு நண்டு வந்ததா இல்லையா என்பது கடையைத் திறக்கிற தம்பிக்குத்தான் தெரியும், அதனால் மெனு அவர் கையில். டிசைனில் ஆசை இருந்தால் அண்ணர் எனக்கு மெசேஜ் போடட்டும், அதற்கு நான் பில் போடுவேன். நாதஸ்வரத்துக்கு இரண்டு மடங்கு.