சிஎச்டிர் பற்றி ஒரு திருத்தம்

நடப்பு அடைவை (நிரல் அப்போது நிற்கும் ஃபோல்டரை) மாற்றும் யூனிக்ஸ் அழைப்பு சிஎச்டிர் (chdir). நிரலுக்குள் அதை அழைத்தால், நிரல் முடிந்த பிறகு டெர்மினலும் அந்த அடைவிலேயே நிற்கும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பது சரியல்ல. நடப்பு அடைவு ஒவ்வொரு புராசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், தனி. டெர்மினலில் நீங்கள் தரும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் பெற்ற பிள்ளைதான் உங்கள் நிரல். பிறக்கும்போது தாயின் அடைவை வாங்கிக்கொள்ளும், பிறகு அது எங்கே போனாலும் தாய் இருந்த இடத்தில்தான் இருப்பாள். அதனால்தான் அடைவு மாற்றும் சிடி (cd) கட்டளையைத் தனி நிரலாக்காமல் ஷெல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். யூனிக்ஸை உருவாக்கியவர்களே இதில் இடறியவர்கள்தான்: யூனிக்ஸ் பிடிபி-7 கணினியில் ஓடிய காலத்தில், பிள்ளை புராசஸை உருவாக்கும் ஃபோர்க் வந்ததும் அடைவு மாற்றும் கட்டளை வேலை செய்யாமல் போனதை அவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பதிவு செய்திருக்கிறார்.

கட்டுரை தொடாத இன்னொன்று, இழைகள் (threads): ஒரே புராசஸுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள். ஒரு புராசஸின் இழைகள் அனைத்துக்கும் நடப்பு அடைவு ஒன்றே. கொழிஞ்சாம்பாறையில் ஒரு தேங்காய் மண்டிக்கு நான் எழுதிய கணக்கு நிரலில் பொள்ளாச்சி லோடுக்கு ஓர் இழை, பாலக்காட்டு லோடுக்கு ஓர் இழை. இரண்டும் தத்தம் அடைவுக்கு மாறி ரசீதை எழுதும். கூட்டம் இல்லாதவரை ஒழுங்காக ஓடியது. ஓணத்துக்கு முந்தைய வாரம், ஓர் இழை அடைவு மாறி எழுதுவதற்குள் மற்றது அடைவை மாற்றிவிட, பொள்ளாச்சி ரசீதுகள் பாலக்காட்டு அடைவில் போய் உட்கார்ந்தன. "லாரி கோபாலபுரம் சாவடியைத் தாண்டிவிட்டது, ரசீது மட்டும் ஏன் தம்பி திரும்பி வந்தது?" என்றார் மண்டிக்காரர். அடைவு மாற்றுவதையே விட்டுவிட்டேன். இரண்டு அடைவுகளையும் முதலிலேயே திறந்து வைத்து, எந்த அடைவில் கோப்பைத் திறப்பது என்று சொல்லவிடும் ஓபன்அட் (openat) மூலம் எழுதுகிறேன். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான பாசிக்ஸின் 2008 பதிப்பிலேயே அது இருக்கிறது.

அடைவு மாற முடியாவிட்டால் சிஎச்டிர் -1 திருப்பும். உங்கள் மாதிரி நிரல், திரும்பிய மதிப்பு -1 ஆ என்று பார்க்காமலே அடுத்த வரியில் கோப்புகளை அழிக்கிறது. அதை முதலில் திருத்துங்கள்.