கல் மூணு வருஷத்தில் திரும்பும், காசு மார்ச் 31-ல் திரும்பிவிடும்

கிட்னி கல்லை எடுத்த பிறகு அது மறுபடி வராமல் தடுக்க நம் ஊர் நோயாளிக்கு எது உதவும்? இதற்குப் பதில் வேண்டுமானால் ஏழெட்டு அரசு மருத்துவமனைகளின் யூராலஜி துறைகள் சேர்ந்து உழைக்க வேண்டும். நோயாளிகள் இருக்கிறார்கள், செய்யத் தயாரான டாக்டர்களும் இருக்கிறார்கள். ஆராய்ச்சியைக் கொல்வது மத்திய அரசின் நிதி வந்து சேரும் விதம். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று வருஷத்தில் 100 பேரில் 30 பேருக்குக் கல் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மருந்து அதை 20 ஆகக் குறைக்கிறதா என்று கண்டுபிடிக்க, வழக்கமான 80 சதவீத பவர் (மருந்து உண்மையில் வேலை செய்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீத பிழை வரம்பு (வேலை செய்யாத மருந்தை வேலை செய்கிறது என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு) வைத்தால் மருந்துப் பக்கம் 290 பேர், டம்மி மாத்திரைப் பக்கம் 290 பேர் வேண்டும். ஐந்தில் ஒருவர் பாதியில் நின்றுவிடுவார் என்று சேர்த்தால் மொத்தம் 725. எட்டு மருத்துவமனை, ஆளுக்கு மாதம் ஐந்து நோயாளி என்றால் சேர்த்து முடிக்க 18 மாதம். கடைசியாகச் சேர்ந்தவருக்கு மூன்றாம் வருஷ சி.டி. ஸ்கேன் 54-வது மாதத்தில் வரும். நம் திட்டங்களுக்குக் கொடுக்கும் காலம் பெரும்பாலும் 36 மாதம்! நீட்டிப்பு கேட்டால் கிடைக்கும், "கூடுதல் நிதி இன்றி" என்ற வரியோடு. ஆராய்ச்சியின் விடையே அந்தக் கடைசி 18 மாதத்தில்தானே இருக்கிறது? அப்போது ஸ்கேனுக்கும் நோயாளியைக் கூப்பிட்டு வரவழைக்கும் ஆளுக்கும் சம்பளம் யார் தருவது?

கொடுக்கும் 36 மாதமாவது முழுசாகக் கிடைக்கிறதா? நிதி ஒதுக்கும் சாங்ஷன் ஆர்டர் வந்ததும் ஜீரோ பேலன்ஸ் கணக்கு திறக்க வேண்டும், மத்திய அரசுப் பணம் போகும் வழியைக் கண்காணிக்கும் பி.எஃப்.எம்.எஸ். இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், பில் போட ஒருவர், சரிபார்த்து ஒப்புதல் தர இன்னொருவர் என்று இருவர் பெயரில் டிஜிட்டல் கையெழுத்து வாங்க வேண்டும். இதெல்லாம் முடிந்து செலவு வரம்பு (இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற அனுமதி) ஜனவரியில் வந்தால், மார்ச் 31-க்குள் செலவழியாதது காலாவதி. ஆள் எடுக்க விளம்பரம் கொடுத்து, இன்டர்வியூ வைத்து, உத்தரவு போடவே அந்த மூன்று மாதம் போதாது. ஏப்ரலில் மறுபடி முதலிலிருந்து. அடுத்த தவணைக்கு 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் (யூசி), செலவுப் பட்டியல். எட்டு மையத்தின் கணக்கையும் தலைமை மையம் ஒன்றாகச் சேர்த்து அனுப்பச் சொன்னால், ஒரே ஒரு கல்லூரியின் யூசி தணிக்கையில் மாட்டிக்கொண்டால் போதும், மற்ற ஏழு பேரின் ஊழியர்களுக்கும் சம்பளம் நிற்கும். தாமதம் செய்த மையத்தின் தவணையை மட்டும் நிறுத்திவைக்க என்ன தடை?

நடுவில் டிரான்ஸ்ஃபர். மாநில அரசுக் கல்லூரியில் பேராசிரியர் பதவி உயர்வு கவுன்சலிங்கில் வேறு ஊருக்குப் போய்விட்டால் திட்டம் அவர் பெயரில் தொங்குகிறது. டிஜிட்டல் கையெழுத்து அவருடையது. புதியவர் பொறுப்பேற்க நிதி தரும் துறையின் ஒப்புதல், கல்லூரியின் தடையில்லாச் சான்று, எதிக்ஸ் கமிட்டியின் திருத்த ஒப்புதல் எல்லாம் வேண்டும். நோயாளியின் மாத்திரை டப்பா அதுவரை காத்திருக்குமா?

பட்ஜெட்டை வெட்டும் கத்தி எங்கே விழுகிறது என்பதுதான் இன்னும் கொடுமை. இயந்திரத்தை விட்டுவிடுவார்கள். பயணப்படி, சில்லறைச் செலவு, நோயாளிக்கான ஈட்டுத்தொகை, கூரியர் எல்லாம் வெட்டுப்படும். பல மருத்துவமனைகளை ஒன்றாகக் கட்டிப்போடும் கயிறே இவைதான். 24 மணி நேர சிறுநீர்ச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி காலை முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு, அதிலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் மூன்று லிட்டர் கேனில் பிடிக்க வேண்டும். கால்சியமும் ஆக்சலேட்டும் பார்க்க அமிலம் சேர்க்க வேண்டும். அதே மாதிரியில் யூரிக் அமிலம் பார்க்க முடியாது, அமிலத்தில் அது படிந்துவிடும், அதனால் தனி மாதிரி வேண்டும். முழுசாகப் பிடித்தாரா என்று தெரிய கிரியேட்டினின் பார்ப்பார்கள், அது தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவு. 60 கிலோ ஆணுக்கு அது 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வர வேண்டும். 700 வந்தால் பாதி பிடிக்காமல் போயிருக்கிறது, மறுபடி செய்ய வேண்டும். சித்தாள் வேலைக்குப் போகிறவர் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏற முடியுமா? ஒரு நாள் கூலியை விட்டால்தான் நடக்கும். அந்தக் கூலிக்குப் பட்ஜெட்டில் கேட்ட தொகையை அடித்துவிட்டு, பிறகு "தரவு ஏன் முழுமையாக இல்லை?" என்று கேள்வி வருகிறது.

அந்த இயந்திரமாவது சிக்கலில்லாமல் வருமா? கல் எந்த வகை என்று பார்க்கும் எஃப்.டி.ஐ.ஆர். கருவிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று போட்டுத் திட்டம் கொடுத்தவர்களுக்கு, 2022 ஜூலை 18 முதல் ஆராய்ச்சிச் சலுகை போய் வரி 18 சதவீதம் ஆனது. 15 லட்சம் ரூபாய் கருவியில் வித்தியாசம் 1,95,000. சாங்ஷன் தொகை மட்டும் அசையவில்லை. 2025 ஜூனில் அறிவியல் நிறுவனங்களுக்குக் கொள்முதல் வரம்பை மத்திய அரசு உயர்த்தியது நல்ல விஷயம்தான், ஆனால் மாநில மருத்துவக் கல்லூரி தமிழ்நாட்டின் 1998-ம் வருஷத்து டெண்டர் சட்டத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

செய்ய முடியாத காரியமா இது? பிரிட்டனில் அரசு நிதியில் 24 மருத்துவமனைகள் சேர்ந்து, யூரீட்டரில் (கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாய்) மாட்டிய கல் தானாக வெளியேற டாம்சுலோசின் என்ற மருந்து உதவுகிறதா என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்து, 2015-ல் உதவவில்லை என்று வெளியிட்டார்கள். நோயாளியைச் சேர்க்கும் ஆராய்ச்சி நர்ஸ்களுக்கு அங்கே தனி நிதி உண்டு, ஒரு திட்டம் முடிந்தாலும் அவர்கள் வேலை போகாது. சுவிட்சர்லாந்தில் 12 மருத்துவமனைகள், 416 நோயாளிகள், சிறுநீரில் கால்சியத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு மாத்திரை மூன்று அளவுகளில். சராசரியாக மூன்று வருஷம் பின்தொடர்ந்து, கல் திரும்புவதை அது தடுக்கவில்லை என்று 2023-ல் சொன்னார்கள். குளிர்நாட்டு உடம்பில் வந்த இந்த விடை, மே மாத வெயிலில் வேலை செய்து, ஊறுகாயும் உப்புக் கருவாடும் சாப்பிடும் உடம்புக்கும் பொருந்துமா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

சேர்ந்து செய்யும் ஆய்வுக்கு 60 மாதம் கொடுங்கள். மார்ச் 31-ல் மிஞ்சிய வரம்பை ஏப்ரல் 1-ல் அதே கணக்கில் தொடர விடுங்கள். பொறுப்பு மாறுவதற்கு 15 நாள் கெடு வையுங்கள். ஒவ்வொரு மையத்திலும் ஒரு ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தைத் திட்டத்திலிருந்து பிரித்து நிரந்தரமாக்குங்கள். 37-வது மாதத்தில் 725 பேரின் போன் நம்பரும் ரிஜிஸ்டரில் இருக்கும். போன் பண்ண ஒரு ஆள் வேண்டும்.