கூடுதல் கணக்குகள் மட்டும் போதுமா?

கணிதத்தில் பின்தங்கும் மாணவருக்குக் கூடுதல் பயிற்சித் தாள்களைக் கொடுத்தாலே போதும் என்று ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் முடிவு கூறியிருந்தார். அந்த முடிவை, சென்னையில் நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. 402-இலிருந்து 178-ஐக் கழித்து 376 என எழுதும் மாணவர் பெரும்பாலும் கவனக்குறைவால் அவ்வாறு எழுதுவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று தாமாகவே ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதைப் பிசகாமல் பின்பற்றுகிறார். அதே வகைக் கணக்குகளை மேலும் மேலும் கொடுத்தால் அந்தத் தவறான விதிதான் உறுதிப்படும். விடை எப்படி வந்தது என்று கேட்டு, அவர் சொல்வதை முழுவதும் செவிமடுப்பதே முதல் வேலை (நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் இது எளிதன்று). பிறகு நூறு, பத்து, ஒரு ரூபாய் மாதிரித் தாள்களைக் கொடுத்து 402 ரூபாயிலிருந்து 178 ரூபாயை எடுத்துத் தரச் சொன்னால், நூறைப் பத்துகளாகவும் பத்தை ஒன்றுகளாகவும் மாற்றாமல் தர முடியாது என்பதை அவரே கண்டுகொள்வார். கடன் வாங்கிக் கழிப்பதன் காரணமும் அப்போதுதான் விளங்கும். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றலுக்கு இடமளித்தது நல்லதே. ஆனால் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பெரும்பாலும் கரும்பலகை மட்டுமே எஞ்சுகிறது. பின்னங்களும் குறை எண்களும் குழப்பத் தொடங்கும் அந்த வயதில்தான் இத்தகைய பொருள்கள் மிகுதியும் தேவைப்படுகின்றன.