ஏழு நாளா, முப்பது நாளா?

இணையத்தில் குழுக்களை நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். ஒருவரைத் தற்காலிகமாகத் தடை செய்யலாம் என்று அட்மின்கள் ஒத்துக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். அதற்கப்புறம் ‘எத்தனை நாள்?’ என்று ஒரு பெட்டி திறக்கும் பாருங்கள், அங்கேதான் தடுமாற்றம். “ஒரு வாரம் போடுங்க” என்பார் ஒருவர். “போன தடவையும் இவர்தானே, ஒரு மாசம் போடுங்க” என்பார் இன்னொருவர். எதற்கு ஏழு, எதற்கு முப்பது என்று யாரும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் யார் கையில் பட்டன் இருக்கிறதோ அவருடைய மனநிலைதான் எண்ணாக மாறுகிறது.

பல வருடங்களாக மட்டுறுத்தும் வேலையில், அதாவது குழுவில் வரும் பதிவுகளைக் கவனித்து ஒழுங்குபடுத்தும் வேலையில், இருக்கிறேன். இந்த வழக்கம் தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். அந்த நாட்களுக்குள் என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ, அதை வைத்துத்தான் தடையின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். நமக்கு எவ்வளவு கோபம் வந்தது என்பதற்கு அதில் வேலையே இல்லை.

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கிற இடம் விக்கிப்பீடியா. ஆங்கில விக்கிப்பீடியாவின் கொள்கைப்படி, தடை என்பது தண்டிப்பதற்காக அல்ல, மேற்கொண்டு சேதம் நடக்காமல் தடுப்பதற்காக. ஒரே கட்டுரையில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மற்றவர்களின் திருத்தத்தை அழித்துத் தன்னுடையதையே திரும்பப் போட்டால் தடை வரும். முதல் முறை என்றால் பெரும்பாலும் ஒரு நாளோடு விட்டுவிடுவார்கள். அங்கே நிர்வாகிகள் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 31 மணி நேரம் என்றும் ஒன்று இருக்கிறது. முதலில் பார்க்கும்போது இதென்ன கணக்கு என்றுதான் தோன்றும். பள்ளிக் கணினியிலிருந்து ஒரு மாணவர் காலை 11 மணிக்குக் கட்டுரையில் கிறுக்குகிறார் என்று வையுங்கள். 24 மணி நேரம் போட்டால் மறுநாள் அதே 11 மணிக்கு, அதே பாடவேளையில், அதே கணினியில் தடை நீங்கியிருக்கும். 31 மணி நேரம் என்றால் மறுநாள் பள்ளி முடிந்த பிறகுதான் நீங்கும். அந்த எண்ணில் யாருடைய எரிச்சலும் இல்லை. அந்த மாணவர் எப்போது திரும்ப வருவார் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அதே கொள்கையில் இன்னொன்றும் உண்டு. ஒருவர் கொதிப்பில் இருக்கிறார், கொஞ்சம் ஆறட்டும் என்பதற்காக மட்டும் தடை போடக் கூடாது என்கிறார்கள். அது பல நேரம் எதிர்மாறான விளைவைத்தான் தரும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நம் குழுக்களில் மிகச் சாதாரணமாகச் சொல்லப்படும் காரணமே இந்த ‘கொஞ்சம் ஆறட்டும்’தான். ஆனால் வாய் அடைக்கப்பட்ட மனிதர் எங்கே ஆறுகிறார்? வேறு நான்கு இடங்களில் போய்க் கொட்டுகிறார், ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சேர்க்கிறார், திரும்பி வரும்போது இரண்டு மடங்கு சூட்டோடு வருகிறார்.

சரி, அப்படியென்றால் குறுகிய தடையால் பயனே இல்லையா? உண்டு, இடத்தைப் பொறுத்து. டிஸ்கார்டு என்ற குழு உரையாடல் செயலியில் ஒருவரைப் பேசாமல் நிறுத்தி வைக்க 60 நொடி, 5 நிமிடம், 10 நிமிடம், 1 மணி நேரம், 1 நாள், 1 வாரம் என்று தேர்வுகள் இருக்கின்றன. நேரலை உரையாடல் ஓடுகிற இடத்தில் பத்து நிமிடம் என்பது நீண்ட நேரம். அவருடைய கோபம் ஆறினாலும் ஆறாவிட்டாலும் அதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும், சண்டைக்கு எதிராளி இருக்க மாட்டார். வாரத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கிறவர்கள் நிறைந்த மெதுவான குழுவிலோ ஒரு நாள் தடை போட்டால், தனக்குத் தடை இருந்தது என்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். காலை முதல் இரவு வரை அங்கேயே இருக்கிற ஒருவருக்கு அதே ஒரு நாள் கனமானது. இதையெல்லாம் யோசிக்காமல் எல்லா இடத்துக்கும் எல்லாருக்கும் ‘ஒரு வாரம்’ என்பது சோம்பல்.

அடுத்தது ஏணி. முதல் தவறுக்கு இவ்வளவு, அடுத்ததற்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே போகும் முறை. 2023 பிப்ரவரியில் மெட்டா தன் ஃபேஸ்புக் ஏணியை மாற்றியது. அதற்கு முன்பு சின்னத் தவறுகளுக்கே சீக்கிரம் 30 நாள் வரை போய்விடும் நிலை இருந்தது. புதிய முறையில் பெரும்பாலான தவறுகளுக்கு முதலில் விளக்கமும் எச்சரிக்கையும்தான். ஒவ்வொரு மீறலுக்கும் கணக்கில் ஏறும் குறிக்கு ஸ்ட்ரைக் என்று பெயர். ஏழாவது ஸ்ட்ரைக்குக்குத்தான் பதிவிட ஒரு நாள் தடை, எட்டாவதுக்கு 3 நாள், ஒன்பதாவதுக்கு 7, பத்துக்கு 30. தீவிரமான மீறல்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது. மாற்றத்துக்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு முக்கியமாகப் பட்டது. குறைவான ஸ்ட்ரைக் உள்ளவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் அடுத்த 60 நாட்களில் மறுபடி விதியை மீறவில்லையாம். அதாவது பெரும்பாலானவர்கள் தெரியாமலோ அவசரத்திலோ ஒரு முறை இடறியவர்கள். அவர்கள்மீது மாதக்கணக்கைத் தூக்கிப் போட்டு யாருக்கு என்ன லாபம்?

ஏணியில் ஏறுவதைப் போலவே இறங்கவும் வழி இருக்க வேண்டும். யூடியூப்பில் எச்சரிக்கைக்குப் பிறகு முதல் ஸ்ட்ரைக் என்றால் ஒரு வாரம் பதிவேற்ற முடியாது, இரண்டாவது என்றால் இரண்டு வாரம், 90 நாட்களுக்குள் மூன்றாவதும் வந்தால் சேனலே போய்விடும். கடுமைதான். ஆனால் ஒவ்வொரு ஸ்ட்ரைக்கும் 90 நாளில் காலாவதியாகிவிடும். ஃபேஸ்புக்கில் ஒரு வருடம். நம் குழுக்களில் எதுவும் காலாவதியாவதில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் போட்ட ஒரு பின்னூட்டத்தின் ஸ்கிரீன்ஷாட் யாராவது ஒரு அட்மினின் போனில் பத்திரமாக இருக்கும். புதிதாக ஏதாவது நடந்ததும் அது வெளியே வரும், ஏழு நாள் முப்பதாகும். மனிதர் மாறியிருக்கக்கூடும் என்பதற்கு அங்கே இடமே கிடையாது.

‘காலவரையறை இல்லாமல்’ என்ற தடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப்பின் கணக்கை ஃபேஸ்புக் முதலில் 24 மணி நேரம் முடக்கியது. மறுநாள் அது காலவரையற்ற முடக்கமானது. இப்படிப்பட்ட முடிவுகளைப் பரிசீலிக்க ஃபேஸ்புக்கே அமைத்த தனி மேற்பார்வை வாரியம் மே 5 அன்று தீர்ப்புச் சொன்னது. முடக்கியது சரி, ஆனால் எவ்வளவு காலம் என்றோ எந்த அளவுகோலில் என்றோ சொல்லாமல் முடக்கி வைத்தது சரியல்ல, ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்யுங்கள் என்றது. ஜூன் 4 அன்று ஜனவரி 7இலிருந்து இரண்டு ஆண்டு என்று ஃபேஸ்புக் அறிவித்தது. ஆபத்தான சூழல் தணியப் போதுமான காலம், இனி யாரும் செய்யத் தயங்கும் அளவுக்கு நீளம், மீறலின் தீவிரத்துக்கு ஏற்ற அளவு என்று காரணங்களும் சொன்னது. இரண்டு ஆண்டு கூடவா குறைவா என்பதை அவரவர் அரசியல்படி வாதிடலாம். தேதியும் காரணமும் வெளியே வந்ததால்தான் அந்த வாதமே சாத்தியமானது. உலகமே கவனிக்கிற தலைவருக்குக் கிடைத்த அந்த விளக்கம், முப்பது லைக் வாங்குகிற சாதாரண உறுப்பினருக்கும் கிடைக்க வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் நாள் கணக்கே தப்பு. ஒரு பெண் எதை எழுதினாலும் பின்னாலேயே வந்து அசிங்கமாகப் பேசுகிறவர், இன்பாக்ஸ் வரை துரத்துகிறவர். இவருக்கு ஏழு நாள் போட்டால் எட்டாம் நாள் எப்போது என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவர் அதை நினைத்தபடியே எழுதுவார், அல்லது எழுதுவதை நிறுத்திவிடுவார். நாம் அவகாசம் கொடுத்தது துரத்தியவருக்கு, விலை கொடுத்தது துரத்தப்பட்டவர். இப்படிப்பட்டவரை வெளியே அனுப்புங்கள், அவ்வளவுதான். விளம்பரம் கொட்டுகிற போலி ஐடிகளுக்கும் அதேதான்.

புதியவர், பழையவர் விஷயத்தில் நம் வழக்கம் தலைகீழாக இருக்கிறது. நன்றாக எழுதுகிற, எல்லோருக்கும் தெரிந்த பழைய உறுப்பினர் கெட்ட வார்த்தை பேசினால் ஒரு நாள், நேற்று வந்தவர் பேசினால் முப்பது நாள். விதி தெரிந்தே மீறியவர் யார்? ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, பதிவை நீக்கும்போது காரணத்தையும் சொன்னால் அவருடைய பதிவு மறுபடி நீக்கப்படும் வாய்ப்பு குறைகிறது என்று காட்டியது. புதியவருக்குத் தேவை அந்தக் காரணம்தான். எந்த வரி, எந்த விதி, எந்தத் தேதி வரை, யாரிடம் முறையிடலாம். நாலு வரிச் செய்தி. இதைக்கூட எழுத முடியாத அளவுக்கு நமக்கு வேலை இருக்கிறது என்றால் இன்னும் இரண்டு அட்மின்களைச் சேர்க்க வேண்டும்.

தாமதமும் பெரிய பிரச்சினை. தண்டனை எவ்வளவு பெரியது என்பதைவிட அது நிச்சயமாகவும் உடனேயும் வருமா என்பதுதான் மனிதர்களைத் தடுக்கும் என்று இத்தாலியின் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே வாதிட்டார். பின்னூட்டம் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வருகிற ஒரு நாள் தடை செய்கிற வேலையை, எல்லோரும் மறந்த பிறகு வருகிற ஒரு மாதத் தடை செய்வதில்லை.

எங்கள் அட்மின் குழுவில் இப்போது நான் கேட்பது இதுதான்: 1, 3, 7 என்று அறிவிக்கப்பட்ட படிகள். ஆறு மாதம் ஒன்றும் நடக்காவிட்டால் மறுபடி முதல் படி. ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் ‘ஏன் இத்தனை நாள்’ என்று ஒரு வரி. அளவு முன்பே தெரிந்தால் “மூணு நாள்தானே, போனால் போகுது” என்று கணக்குப் போட்டுத் திட்டுவார்களே என்று ஒரு நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அப்படிச் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். நாலாவது முறை அவர்களுக்குப் படி கிடையாது, வாசல்தான். அந்தச் சிலருக்காக மற்ற எல்லோரையும் இருட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு விதியும் கேட்டிருக்கிறேன், அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். சண்டையில் ஒரு தரப்பாக இருந்த அட்மின், அந்தச் சண்டைக்கு நாள் குறிக்கக் கூடாது. என்னைத் திட்டிய பின்னூட்டத்தை நான் மறைத்து வைக்கலாம், அதற்கு மேல் எதுவும் செய்யக் கூடாது. எத்தனை நாள் என்பதை அன்றைக்கு என்னோடு சண்டையில் இல்லாத ஒருவர் வந்து முடிவு செய்யட்டும்.