டைனிங் ஹாலை விடு, அடுப்பைப் பார்

போன வாரம் தங்கை முறையில் ஒரு பெண் வாட்ஸ்அப்பில் நான்கு படம் அனுப்பினாள். கேம்பிரிட்ஜுக்கு பிஎச்.டி. விண்ணப்பம் போடுகிறாள். படிவத்தில் இரண்டு கல்லூரிகளை விருப்ப வரிசையில் குறிக்க வேண்டும். நான்கு படத்திலும் நீள நீளமான மேசை, மெழுகுவர்த்தி, சுவர் முழுக்க முறைத்துப் பார்க்கும் பெரிய மனிதர்கள். “அக்கா, இதில் எது பெஸ்ட்?”

“டிசம்பர் 27-ஆம் தேதி இதில் எந்தக் கல்லூரியில் சோறு கிடைக்கும் என்று பார்த்தாயா?” என்று கேட்டேன்.

சிரிக்கும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நமக்குக் கல்லூரி என்றால் வகுப்பு, ஹாஸ்டல் என்றால் படுக்கை. கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள் இருக்கின்றன. பி.ஏ. படிக்க வரும் பிள்ளைகளுக்கு அங்கே கல்லூரியிலேயே பாடமும் நடக்கும். பிஎச்.டி. செய்பவருக்கு அப்படியில்லை. கைடு, ஆய்வகம், செமினார் எல்லாம் துறையில். இடம் உண்டா இல்லையா என்று முதலில் சொல்வதும் துறைதான், கல்லூரி அப்புறம். ஆகவே நமக்குக் கல்லூரி என்பது பெரும்பாலும் ஹாஸ்டல்தான். சேப்பல் என்ற சிறு தேவாலயமும் வெள்ளிப் பாத்திரமும் சொந்த நூலகமும் உள்ள ஹாஸ்டல், அவ்வளவுதான். ஹாஸ்டலை ஹாஸ்டலாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்த ஊரின் கடிகாரம் வேறு. மிக்கல்மஸ், லென்ட், ஈஸ்டர் என்று மூன்று பருவம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய எட்டு வாரம். (பாடக் கணக்கில் வாரம் வியாழக்கிழமை தொடங்கும். ஏன் என்று கேட்காதீர்கள். மே வீக் என்ற கொண்டாட்டம் ஜூனில் வரும். அதையும் கேட்காதீர்கள்.) எட்டு வாரம் முடிந்ததும் இளங்கலைப் பிள்ளைகள் பெட்டியை உருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஹாலில் சமையல் சுருங்கும், பிறகு நிற்கும். பழைய கல்லூரி ஒன்றின் நாடித்துடிப்பே அந்த எட்டு வாரம்தான். ஆனால் ஆராய்ச்சி மாணவர் அங்கே வருடம் முழுக்க இருப்பவர். கூட்டிப் பாருங்கள்: 24 வாரம் ஊர் உங்களோடு இருக்கும், மீதி 28 வாரம் நீங்கள் தனியாக இருப்பீர்கள்.

நானும் அங்கேதான் பிஎச்.டி. செய்தேன். என் கல்லூரியின் பெயர் வேண்டாம். பழையது, அழகானது, அஞ்சலட்டையில் வருவது. அறை ஒப்பந்தம் அக்டோபரிலிருந்து ஜூன் கடைசி வரை. ஜூலையில் என் அறைக்கு மாநாட்டு விருந்தினர் வருவார்கள். கோடைக்கு எனக்கு ஊரின் வேறு மூலையில் கல்லூரியின் பழைய வீடு ஒன்றில் மாடியறை. முதல் வருடம் மூன்று நடையில் சாமான்களைக் கொண்டுபோனேன். கடைசி நடையில் கையில் குக்கர். சுற்றுலாக் கும்பல் முற்றத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் படங்களில் எத்தனையில் என் குக்கர் விழுந்திருக்கிறதோ! புல்வெளியைக் குறுக்கே கடந்தால் ஒரு நிமிடம் மிச்சம். புல்லில் கால் வைக்க ஃபெலோக்களுக்கு, அதாவது கல்லூரியின் ஆசிரியர்களுக்கு, மட்டும்தான் அனுமதி, அதனால் மூன்று பக்கமும் சுற்ற வேண்டும். வாசலில் போர்ட்டர் (அங்கே வாயிற்காவலருக்கு அதுதான் பெயர்) நிறுத்தி, “இது வெடிக்குமா?” என்று கேட்டார். “எங்கள் வீட்டில் முப்பது வருடமாக வெடிக்கவில்லை” என்றேன். கதவைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கல்லூரியில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

அடுத்தது சமையலறை. அங்கே அதற்கு ‘ஜிப்’ என்று பெயர். பழைய காலத்தில் மாணவர்களுக்கு ஏவல் செய்த கல்லூரி வேலையாளை அப்படி அழைப்பார்களாம். ஆள் போய்விட்டார், பெயர் சமையலறையில் தங்கிவிட்டது. எங்கள் ஜிப்பில் ஒன்பது பேருக்கு இரண்டு மின் அடுப்பு. பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினால் பதினைந்து நிமிடம் சூடு, பிறகு தானாக அணைந்துவிடும். தீ விபத்து வரக்கூடாது என்று செய்த ஏற்பாடு, தப்பில்லை. ஆனால் அந்த அடுப்பு சூடேறவே ஆறேழு நிமிடம் ஆகும். துவரம்பருப்புக்கு இரண்டாவது விசில் வரும் நேரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஆவி இறங்க ஆரம்பிக்கும். மறுபடி பொத்தான், மறுபடி முதலிலிருந்து. தீசிஸின் இரண்டாவது அத்தியாயத்தில் பாதியை அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றபடி எழுதினேன்.

கிறிஸ்துமஸ் வாரம் தனிக் கதை. ஹால் பூட்டு, நூலகத்தில் ஆளில்லை, 25-ஆம் தேதி பஸ் ஓடாது, ரயில் ஓடாது. நான் வளர்த்த ஆராய்ச்சிச் செடிகளுக்குக் கிறிஸ்துமஸ் தெரியாது, தண்ணீர் வேண்டும். சைக்கிளில் போய் ஊற்றிவிட்டு வந்தால், நாற்பது ஜன்னல் உள்ள முற்றத்தில் என் ஜன்னலில் மட்டும் வெளிச்சம். வீட்டுக்கு வீடியோவில் காட்டினேன். “அரண்மனை மாதிரி இருக்கே” என்றார் அம்மா. அரண்மனைதான். ராத்திரியில் அரண்மனையில் யார் இருப்பார்கள்?

இந்த விஷயம் நம்மவர்களுக்குப் புதிதில்லை. 1914-ல் டிரினிட்டி கல்லூரிக்குப் போன ராமானுஜனை நினைத்துப் பாருங்கள். அப்போது அங்கே பிஎச்.டி. என்ற பட்டமே கிடையாது. அவருடைய ஆராய்ச்சிக்கு 1916-ல் பி.ஏ.தான் கொடுத்தார்கள். ஹால் சாப்பாடு சைவத்துக்கு ஒத்துவராது என்று அறையிலேயே பொங்கிச் சாப்பிட்டார். கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ் ஒருநாள் பார்க்கப் போனபோது, ராத்திரியெல்லாம் குளிர்கிறது, ஓவர்கோட்டும் சால்வையும் போட்டுத்தான் தூங்குகிறேன் என்று ராமானுஜன் சொல்லியிருக்கிறார். படுக்கையில் போதுமான கம்பளிகள் இருந்தன. எல்லாம் ஓரங்களில் இறுக்கிச் செருகி இருந்ததால், அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேல்விரிப்புக்கு அடியில் மட்டும் படுத்திருக்கிறார். மகலனோபிஸ் காட்டிக்கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

இதை எல்லோரும் வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். எனக்குக் கோபம்தான் வரும். அந்தக் கல்லூரியிடம் கம்பளி இருந்தது, பணம் இருந்தது, பெரிய பெரிய மூளைகள் இருந்தன. இப்படிப் படுக்க வேண்டும் தம்பி என்று சொல்ல இன்னொரு கல்லூரியிலிருந்து இன்னொரு இந்திய மாணவர் வர வேண்டியிருந்தது.

சரி, எல்லாக் கல்லூரியும் அப்படியா என்றால், இல்லை. அறுபதுகளில் அவர்களுக்கே உறைத்தது. ஆராய்ச்சி மாணவர்கள் பெருகிவிட்டார்கள், அவர்களுக்கென்று இடமில்லை. டிரினிட்டி, செயின்ட் ஜான்ஸ், கீஸ் என்ற மூன்று பழைய கல்லூரிகள் சேர்ந்து 1964-ல் டார்வின் கல்லூரியைத் தொடங்கின. கேம்பிரிட்ஜில் பட்டமேற்படிப்புக்கு மட்டுமேயான முதல் கல்லூரி அது, ஆணையும் பெண்ணையும் சேர்த்தே எடுத்த முதல் கல்லூரியும் அதுதான். சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் வாழ்ந்த வீட்டில் நடக்கிறது. அடுத்த வருடம் பல்கலைக்கழகமே யூனிவர்சிட்டி காலேஜ் என்று ஒன்றைத் தொடங்கியது. நன்கொடை வந்தபின் 1973-ல் அது வுல்ஃப்சன் ஆனது. 1966-ல் கிளேர் ஹால். ரால்ஃப் எர்ஸ்கின் என்ற கட்டிடக் கலைஞர் வரைந்த அந்தக் கட்டிடத்தில் குடும்பத்தோடு வருபவர்களுக்கான வீடுகளும் ஆரம்பத்திலேயே சேர்ந்திருந்தன. முப்பது வயதில் கைக்குழந்தையோடு ஒருவர் படிக்க வரலாம் என்று நினைத்துப் பார்த்தவர்கள்! கிளேர் ஹாலிலும் வுல்ஃப்சனிலும் ஆசிரியர்களுக்கென்று உயர்ந்த மேசை கிடையாது. தட்டை எடுத்துக்கொண்டு போய் யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காரலாம்.

இந்தக் கல்லூரிகளை நம் ஆட்கள் இரண்டாம் தரம் மாதிரி பேசுவது எனக்குப் புரிவதில்லை. “ஓ, புதுக் கல்லூரியா?” என்று இழுப்பார்கள். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்.

பழைய கல்லூரியிடம் நான் வாங்கியதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். மூன்று வருட உதவித்தொகை முடிந்து தீசிஸ் முடியாமல் நின்றபோது, கல்லூரியின் நெருக்கடி நிதியிலிருந்து இரண்டு மாத வாடகை வந்தது. அப்படி ஒரு நிதி இருக்கிறது என்று மூன்று வருடமாக எனக்குத் தெரியாது. பட்டமேற்படிப்பு மாணவர்களின் நலனைக் கவனிக்கும் கல்லூரி டியூட்டர்தான் சொன்னார். அவரை நான் அதுவரை பார்த்தது இரண்டே தடவை. கைடோடு உரசல் வந்தாலும் போய்ப் பேசக்கூடியவர் அவர்தான், ஏனென்றால் துறைக்கு வெளியே இருப்பவர். கைடு, அவருடைய நண்பர், அவருடைய நண்பரின் கமிட்டி என்று சுற்றிச் சுற்றி வரும் நம் ஊர்த் துறைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். போன முதல் மாதமே அவரிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும். நானோ பெரியவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வளர்ந்தவள்.

இன்னொன்றும் அந்த ஜிப்பிலேதான் கிடைத்தது. பொத்தானுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பேச்சு வளரும். இடைக்கால வரலாறு படித்த ஒரு பெண், தோல் ஏட்டின் இரண்டு பக்கத்தையும் எப்படிப் பிரித்தறிவது என்று காட்டினாள். முடி இருந்த பக்கம் சற்று மஞ்சளாக இருக்கும், வேர்க்கால் புள்ளிகள் தெரியும். சதைப் பக்கம் வெளுப்பாக, வழவழப்பாக இருக்கும். அதை விளக்க அவள் எடுத்தது என் அப்பளத்தை. ராத்திரி பதினொரு மணிக்குத் திரவ நைட்ரஜன் நிரப்ப ஓடும் இயற்பியல் பையன் ஒருவன், திரும்பி வந்து மிச்ச ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பான். துறையில் செடிக்காரர்களோடு மட்டும் பேசியிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். மெழுகுவர்த்தி விருந்துக்கு நான்கு வருடத்தில் ஐந்தாறு முறை போயிருப்பேன். லத்தீனில் ஒருவர் ஏதோ சொல்வார், எல்லோரும் எழுந்து நிற்போம், உட்காருவோம். நன்றாகத்தான் இருக்கும். யாரிடம் என்ன பேசினேன் என்று ஒன்றுகூட நினைவில்லை.

அதனால் தங்கைக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: அறை ஒப்பந்தம் எத்தனை மாதம்? இரண்டாவது வருடமும் அறை உண்டா, வெளியே தேட வேண்டுமா? விடுமுறையில் ஹால் திறந்திருக்குமா? ஒரு சமையலறைக்கு எத்தனை பேர், எத்தனை அடுப்பு? ஆகஸ்டில் அங்கே எத்தனை பேர் இருப்பார்கள்? இதை இணையத்தில் தேடாதே, கல்லூரி அலுவலகத்துக்கு மெயில் போடு, அப்படியே இப்போது அங்கே படிக்கும் யாராவது ஒருவரையும் கேள்.

நேற்று பதில் வந்தது. “அக்கா, இரண்டு கல்லூரிக்கும் போட்டேன். ஒரு கல்லூரி அரை மணி நேரத்தில் சமையலறைப் படமே அனுப்பிவிட்டது, நான்கு அடுப்பு. இன்னொன்று, கேள்வி புரியவில்லை, சேப்பல் பற்றிய கையேட்டை இணைத்திருக்கிறோம் என்கிறது.”

அந்த நான்கு அடுப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைப் பொத்தான் இருக்கிறது.