பட்டப்பகலில் ஒரு பேய்ப்படம்

பேய்ப்படம் என்றால் இருட்டு வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? பிரிட்டிஷ் இயக்குநர் பிலிப் ரிட்லியின் ‘தி ரிஃப்ளெக்டிங் ஸ்கின்’ (1990) என்னை நடுங்க வைத்தது பெரும்பாலும் பட்டப்பகலில், விளைந்து நிற்கும் கோதுமை வயல்களுக்கு நடுவே. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோவில் நடக்கும் கதை. எடுத்தது கனடாவின் ஆல்பர்ட்டாவில். ரிட்லி ஓவியமும் பயின்றவர், பார்த்தாலே தெரியும். (முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பேச முடியாது. பார்க்க நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

சேத் என்ற சிறுவன். அப்பா பெட்ரோல் பங்க் நடத்துகிறார், ரத்தக்காட்டேரிக் கதைகளை விழுந்து விழுந்து படிக்கிறார். அதைக் கேட்ட பையனுக்கு, அருகில் தனியாக வாழும் விதவை டால்ஃபின் மேல் சந்தேகம். துக்கத்தில் உழலும் அவள் தனக்கு இருநூறு வயது என்கிறாள். அவனுக்கு அது வாக்குமூலம்! பசிபிக் தீவுகளில் அணுகுண்டுச் சோதனையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அண்ணன் கேமரன், அவளையே காதலிக்கிறான். அண்ணனுக்கு முடி கொட்டுகிறது, ஈறில் ரத்தம் கசிகிறது, உடல் மெலிகிறது. கதிர்வீச்சு என்று நமக்குப் புரிகிறது. தம்பிக்கோ, காட்டேரி ரத்தம் உறிஞ்சுகிறாள்.

ஸ்பெயினின் விக்தோர் எரிஸே 1973இல் எடுத்த ‘தி ஸ்பிரிட் ஆஃப் தி பீஹைவ்’ படத்திலும் ஒரு கிராமத்துச் சிறுமி இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்கிறாள். ஒளிந்திருக்கும் மனிதனை, சினிமாவில் பார்த்த ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தோடு முடிச்சுப் போடுகிறாள். ஆனால் அவள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அதைப் பார்த்து உருகுவது எளிது. பிள்ளை மனம் வெள்ளை மனம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த நமக்குச் சேத்தைத்தான் விழுங்க முடியவில்லை. முதல் காட்சியிலேயே நண்பர்களோடு சேர்ந்து ஒரு தவளையை ஊதிப் பெருக்கி, டால்ஃபினின் முகத்தில் ரத்தம் தெறிக்கும்படி வெடிக்க வைக்கிறவன் அவன்.

குறை இல்லாமல் இல்லை. பின்னணி இசை பல இடங்களில் ‘அழு, அழு’ என்று நம் சட்டையைப் பிடித்து உலுக்குகிறது.

அந்த ஊரில் திரியும் கறுப்புக் காடிலாக் கார்தான் உண்மையான எமன். அதில் வரும் கொலைகாரர்களைச் சேத் பார்த்திருக்கிறான். கடைசியில் டால்ஃபின் அந்தக் காரில் ஏறுகிறாள். அவன் எச்சரிக்கவில்லை. பயத்தில் வாயடைத்துப் போனான் என்று சிலர் வாதிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அண்ணன் தனக்கே திரும்பக் கிடைப்பான் என்று அந்த நொடியில் அவன் கணக்குப் போட்டுவிட்டான். அவளுடைய பிணத்தைக் கட்டிக்கொண்டு அண்ணன் கதறும்போதுதான், காட்டேரி செத்தால் இப்படி உடல் கிடக்காதே என்பது அவனுக்கு உறைக்கிறது. வயலுக்குள் ஓடுகிறான். சூரியன் இறங்க இறங்க, கத்திக்கொண்டே இருக்கிறான்.